எங்கள் வீட்டில் மோட்டார் இல்லை

ராமநாதபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி பாண்டித்துரைக்கு,

அக்கா உமா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் நலம். உன் மருமகள் ஜெயப்பிரியா கோயம்புத்தூர் விடுதியில் நலம், சாப்பாடு நீங்கலாக. வீடு நலம், மாடித் தொட்டி நலம், தெருக்குழாய் மட்டும் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தின் பெரும்பகுதி. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பனியில் வழுக்கி விழாமல் நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். குரல் செய்தியாக அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெரியவர்கள் அனுப்பும் குரல் செய்திகளை மாமா ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பார் என்று ஜெயப்பிரியா உன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டாள். அதில் எனக்கு வருத்தமில்லை. உனக்கு வேலை இருக்கிறது, எனக்கும் இழுத்துப் பேசும் பழக்கம் இருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போவது பேஸ் கிட்டாரைப் பற்றி. அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டால் அது வேறு ஏதோ ஒரு வாத்தியமாகிவிடும்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். பரணில் கிடக்கிற பேஸ் கிட்டாரை உன் மதுரைச் சிநேகிதர் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார், அவருடைய சர்ச் இசைக்குழுவுக்கு ஆகும், கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். உன் கிட்டாரையும் அங்கே யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாய். கடைசியாக, ‘இனிமே யாரு வாசிக்கப் போறா’ என்று ஒரு வரி, அதன் பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை. நான் ‘சரி’ என்று பதில் போட்டு ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன். மற்ற விரல்களின் படமும் இருந்திருந்தால், அவற்றின் நுனியில் காய்ப்பு இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். ஆகவே முதல் செய்தி: நீ சொன்னபடியே கொடுத்துவிடுகிறேன். கொடுத்துத் தொலைப்பதுதான் நல்லது என்று எனக்கே தோன்றும்படி இங்கே பல காரியங்கள் நடந்துவிட்டன. இரண்டாவது செய்தி: அது பரணில் கிடக்கவில்லை.

அய்யா வீட்டை ஒழித்தபோது பழைய சாமான்களோடு அதுவும் என்னோடு வந்தது உனக்குத் தெரியும். பீரோவுக்குப் பின்னால் ஒரு போர்வையைச் சுற்றி நிறுத்தியிருந்தேன். பல வருஷம் அதை யாரும் தொடவில்லை. ஜெயப்பிரியாவை விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உன் மச்சான் காலையிலேயே சிமெண்ட் கடையைத் திறக்கப் போய்விடுவார். நானோ கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பேசுகிறவர்களைப் பேசாதீர்கள் என்று சொல்வதுதான் என் உத்தியோகம். அங்கேயும் அமைதி, இங்கேயும் அமைதி. ஒருநாள் தூசி தட்டலாம் என்று போர்வையை அவிழ்த்தேன். உப்புக்காற்றில் நான்கு கம்பியும் துருப்பிடித்து, தொட்டால் கையில் செம்மண் ஒட்டுவதுபோல ஒட்டியது. புதுக் கம்பி வரவழைத்தேன். மாட்டினேன். தடிமனான கம்பியை ஒருதரம் மீட்டினேன். வீட்டுக்குள் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வாசிக்கிறேன்.

என்ன வாசிக்கிறாய் என்று நீ கேட்கமாட்டாய். நமக்குத் தெரிந்ததே அந்தப் பாட்டுகள்தானே. மண்டபத்தில் அய்யாவுக்கு வேலை இருந்தபோது உன்னோடு படித்த பர்வேஸின் அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகள் எல்லாமே பதிவிலிருந்து பதிவு எடுத்தவை. அட்டை கிடையாது, பாட்டின் பெயர் கிடையாது, பாடுகிறவர் பெயர் கிடையாது. மேலே ‘இங்கிலீஷ்’ என்று பேனாவால் எழுதியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே நாமே பெயர் வைத்தோம். பேஸ் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வாசலில் காத்து நிற்கிற பாட்டுக்குத் தந்திக்காரன். எதிர்க்காற்றில் மிதிக்கிறவன்போல விடாமல் ஓடுகிற பாட்டுக்குச் சைக்கிள். கிட்டார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, மதிய வெயிலில் தார்ச்சாலை நெளிவதுபோல நெளியவிடும் பாட்டுக்கு உச்சிப்பொழுது. எல்லாவற்றுக்கும் மேலே, கப்பல். கப்பலில் முதலில் யாருமே இல்லை. பேஸ் மட்டும் அடியில் தனியாக, நங்கூரம் தூக்குவதுபோல மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றும், திரும்ப அதே சுற்று, திரும்ப அதே. டிரம்ஸ் வந்து சேரும். அப்புறம், கேட்கிறவர் இனி ஒன்றும் நடக்காதுபோல என்று முடிவு கட்டுகிற நேரத்தில், மேலேயிருந்து கிட்டார் இறங்கும். பாடகர் ஏதோ பாடுவார். அவர் என்ன பாடினார் என்பது நம் இருவருக்குமே ஒருநாளும் முக்கியமாக இருந்ததில்லை. இப்போது போனில் தேடினால் எல்லாப் பெயரும் கிடைத்துவிடும். நான் தேடவில்லை. கப்பலுக்கு வேறு பெயர் இருந்தால் எனக்குப் பிடிக்காமல் போய்விடும்.

நீ எனக்கு பேஸ் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? உனக்குப் பின்னால் நின்று வாசிக்க வேறு ஆள் கிடைக்காததால் என்னைப் பிடித்தாய். நான் மாட்டேன் என்றேன், அதில் பாட்டே வராதே, டும் டும் என்றுதானே வருகிறது என்றேன். நீ சொன்னாய்: “பாம்பன் பாலத்து மேல ரயிலு போகுதுல்லக்கா, கூவுறது நானு. கீழ பாலம் தடதடன்னு ஒரு சத்தம் போடுது பாரு, அது நீ. பாலம் இல்லேன்னா ரயிலு கடல்லதான் கெடக்கும்.” அதைவிடப் பெரிய மரியாதையை இதுவரை எனக்கு யாரும் செய்ததில்லை, உன் மச்சான் உட்பட. ஆனால் அந்த மரியாதையோடு நாம் மேடை ஏறிய ஒரே இடம் மாரியூர். சித்தி மகள் கல்யாணத்தில் மைக்செட்காரர் நம் இரண்டு கிட்டாரையும் தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில்தான் கொடுத்தார். அந்தக் குழாய் வழியாக உயர்ந்த சத்தம்தான் போகும், கனத்த சத்தம் அதன் கழுத்தைத் தாண்டாது என்பது நமக்கு அப்போது தெரியாது. உன் கிட்டார் கடலில் நின்ற வள்ளம்வரை கேட்டதாம். நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா, தம்பி வாசிக்கிறான் சரி, அந்தப் பிள்ளை எதற்கு நின்றுகொண்டு வயிற்றைச் சொறிகிறது என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

இப்போது என்னுடைய நிலைமை நேர்மாறு. ஊருக்கெல்லாம் கேட்கிறது. ஆனால் கிட்டாராகக் கேட்கவில்லை.

நீ விட்டுப்போன சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் பிளக் வசதி இருக்கிறது, பழைய கிரைண்டர் நிற்கிற மூலை. அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் துர்காதேவி அக்காவின் சமையலறை. தையல் வேலை செய்கிறவர், தனியாக இருக்கிறார், எதையும் நேராகக் கேட்டுவிடுவார். வாசிப்பதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரம் தெருவில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாளின் காலை. அந்த நேரத்தில் எல்லோரும் குழாய்க் குழியைச் சுற்றி நிற்பார்கள், குடம் முட்டும், சண்டை நடக்கும், அந்தச் சத்தத்தில் நம் சத்தம் அடங்கிப்போகும் என்று கணக்குப் போட்டேன். எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள் போட்ட கணக்கு. தண்ணீர் வருகிற நேரத்தில் இந்த ஊரில் காதுகள் எதற்காகக் காத்திருக்கும் என்பதை அதில் சேர்க்க மறந்துவிட்டேன். தண்ணீர் மெலிந்தால் யார் வீட்டிலோ தெருக்குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சுவரில் காதை வைத்து ‘ம்ம்ம்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேட்பது. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், கிரைண்டர் மூலையில் உட்கார்ந்து கப்பலின் முதல் சுற்றை, ஒவ்வொரு சுரத்தையும் நன்றாக இழுத்து, ம்ம்ம் என்று பழகிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் துர்காதேவி அக்கா சுற்றுச்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஏன் உமா, ஒங்க மோட்டாரு இழுத்து இழுத்து ஓடுதே, பேரிங் போயிருச்சோ?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மோட்டார் என்று சொன்னதற்காக அல்ல. இழுத்து இழுத்து என்றாரே, அது உண்மை. மூன்றாவது சுரத்திலிருந்து நான்காவதற்குப் போக என் சுண்டுவிரல் எட்டாமல் ஒவ்வொரு சுற்றிலும் தடுமாறிக்கொண்டிருந்தது. பார்க்கச் சொல்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் வீட்டில் மோட்டார் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்த முறைத் தண்ணீருக்கு அவர், இன்றைக்குப் பரவாயில்லை, ஆனால் நடுநடுவில் நிற்கிறது என்றார். அது தந்திக்காரன். அது அப்படித்தான் நிற்கவேண்டும் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அதற்கும் அடுத்த முறை, “இன்னிக்கு நிக்காம ஓடுச்சு உமா. எண்ண போட்டீங்களோ, நல்ல ஓட்டம்” என்றார். துரை, அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. நூலகத்தில் ஒரு பெண் சத்தமாகச் சிரித்தபோதுகூட நான் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை முதல்முறையாகத் தடங்கலில்லாமல் வாசித்திருந்தேன், அதை ஒருவர் கேட்டிருந்தார். அவர் அதை அரை குதிரைத்திறன் மோட்டார் என்று நினைத்துக் கேட்டார் என்பது சிறு குறை.

இதற்கிடையில் துர்காதேவி அக்கா வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தானாக நகர ஆரம்பித்தன. ஒரு டம்ளர் அலமாரி ஓரம்வரை நடந்து வந்து கீழே குதித்தது. குழாயிலோ தண்ணீர் நூலாக வந்தது. தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, முனை வீட்டு வினோத்குமார்தான் அட்மின். அவர் ஒருநாள் காலையில் எங்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே போனை நீட்டிப் பிடித்துச் சத்தத்தைப் பதிவு செய்து, ‘ஆதாரம்’ என்று தலைப்புக் கொடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். கீழே வரிசையாகக் கோப முகங்கள். உன் மச்சானும் அந்தக் குழுவில் இருக்கிறார், அவர் எந்த முகமும் போடவில்லை. நான் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் ஒரு குடம் விழுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், பிறகு அடியிலிருந்து அது வந்தது. கப்பல். என் வாழ்க்கையில் நான் வாசித்ததை நானே வெளியில் இருந்து கேட்டது அதுதான் முதல்முறை. சுண்டுவிரல் எட்டியிருந்தது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நான் விடுகிற மூச்சுகூடச் சரியாக இருந்தது. எனக்கு எதிரான புகாரை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், நூலகத்தில் மேசைக்கு அடியில் வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் கிட்டார் இறங்கும் இடம் வந்ததும் என் காது தானாக மேலே போனது. அங்கே ஒன்றும் இல்லை. யாரோ மறுபடி இருமினார்கள்.

அதன் பிறகு நகராட்சிக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். என்னிடமும் வாங்க வந்துவிட்டார்கள், பழக்கதோஷம். நானும் போட்டேன், அவ்வளவு சங்கடம். அடுத்த முறைத் தண்ணீர் நாளில் குழாய் ஃபிட்டர் ஹாஜா முகைதீன் பெரிய ஸ்பானரோடு எங்கள் வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் தெரு நின்றது. மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு, மன்னிச்சுக்கங்கம்மா, புகாருன்னு வந்தா பாத்துத்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். குழாய்க் குழியைப் பார்த்தார், குளியலறையில் பார்த்தார், மாடிப்படிக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை நகர்த்திப் பார்த்தார், கிரைண்டரைத் தூக்கிச் சாய்த்துக்கூடப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வினோத்குமார் போனை எடுத்து ஆதாரத்தை ஓடவிட்டார். எல்லோரும் நின்று அமைதியாகக் கேட்டார்கள். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் உன் மச்சான் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். நான் வாசிப்பது அவருக்குத் தெரியும். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்று தெரிந்துவைத்திருப்பதுபோல இதையும் தெரிந்துவைத்திருந்தார், அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு, “மோட்டார்னே ஒத்துக்குவம் உமா” என்றார்.

இல்லாத மோட்டாரை எப்படி ஒத்துக்கொள்வது என்று கேட்டேன்.

“கடைக் குடோன்ல ஒண்ணு கெடக்கு. பின்பக்கமா கொண்டாந்து வச்சுட்டு, கழட்டிக் குடுத்துருவம். அபராதத்தக் கட்டிட்டுப் போவம். மோட்டார் வச்சிருக்கவன நாலு நாளைக்கு வைவாங்க, மறந்துருவாங்க. ஊர்ல எவன் வைக்கல? பொண்டாட்டி கிட்டார் வாசிக்கிறான்னா நான் எப்படிக் கடையத் தொறப்பேன்?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அதுதான் மானமான வழியாகப் பட்டது. ஒரு நிமிஷம் எனக்கும் பட்டது. திருடி என்று பெயர் எடுப்பது சுலபம், அதற்கு இந்தத் தெருவில் முன்னுதாரணம் இருக்கிறது. நாற்பது தாண்டிய நூலகக்காரி விடிந்ததும் கிரைண்டர் மூலையில் உட்கார்ந்து பெயர் தெரியாத வெள்ளைக்காரப் பாட்டுகளுக்கு அடிச்சத்தம் போடுகிறாள் என்பதற்கு முன்னுதாரணம் இல்லை. ஆனால் குடோனிலிருந்து வரப்போகிற அந்த மோட்டாரை நினைத்தேன். நான் வாசித்த கப்பல், சைக்கிள், தந்திக்காரன் எல்லாவற்றையும் அது தன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிடும். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து கிட்டாரை எடுத்துவந்து, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, எல்லோரும் பார்க்க அதே மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கப்பலை முதலிலிருந்து வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டம்ளர்கள் கிணுகிணுத்தன. இதேதான், இதேதான் என்று துர்காதேவி அக்கா மற்றவர்களிடம் சாட்சி சொன்னார். நான் நிறுத்தவில்லை. உன் கிட்டார் வரவேண்டிய இடம் வந்தது. பழக்கத்தில் அங்கே சத்தத்தைக் கொஞ்சம் தணித்து வழிவிட்டேன். யாரும் வரவில்லை. திரும்ப அதே சுற்றுக்கே போனேன், இன்னொரு சுற்று, இன்னொன்று, அப்புறம் எங்கே முடிப்பது என்று தெரியாமல் நடுவிலேயே விட்டுவிட்டேன். கடைசியில் துர்காதேவி அக்காதான் கேட்டார்.

“இது பாதிதான உமா? மேல ஒண்ணு வரணும்ல?”

வரணும் அக்கா என்றேன்.

“அது யாரு வாசிக்கிறது?”

என் தம்பி என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். கனடாவில் என்றேன். அவர் கிட்டாரையும் என்னையும் பார்த்தார்.

“அப்ப இம்புட்டு நாளா நீ ஒத்தையிலயா இழுத்துக்கிட்டுக் கெடந்த?”

டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பால் இல்லை. இருந்தாலும் அடுப்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஹாஜா முகைதீன், இந்த வீட்டில் மோட்டார் இல்லை, இது வேற என்று சொல்லிவிட்டுப் போனார். அது என்ன என்பதை அவர் எப்படி எழுதிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் இன்னும் நூலாகத்தான் வருகிறது, ஆகவே வினோத்குமார் குழுவில், ‘கிட்டார் இருப்பதால் மோட்டார் இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். அதற்கு நிறையக் கட்டைவிரல்கள். உன் மச்சான் மறுநாள் கடையைத் திறந்தார். முதலில் வந்த கொத்தனார், அண்ணி கச்சேரிக்கெல்லாம் போவாங்களாமே, நம்ம பார்ட்டி ஒருத்தர் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வருது, வருவாங்களா என்று விசாரித்தாராம். அன்று மத்தியானம் உன் மச்சான் சாப்பிட வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து, ஒலியே வராமல் வாசிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். மாரியூரில் அப்படித்தான் வாசித்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

ஆகவே துரை, கிட்டார் போவதுதான் எல்லோருக்கும் நல்லது. டம்ளர்களுக்கு நல்லது, கடைக்கு நல்லது, தெருவின் ஒற்றுமைக்கு நல்லது. எனக்கும் நல்லதாகத்தான் இருக்கவேண்டும். பேஸ் வாசிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது, இன்னொருவர் வரப்போகிறார் என்ற நினைப்பிலேயே வாசிப்பது. கிட்டார் வாசிக்கிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை, தனியாக நின்றாலும் அது பாட்டுதான், கேட்கிறவர் தலையாட்டுவார். அடியில் இருக்கிறவள் தனியாக வாசித்தால் அது காத்திருப்பதுபோலவே கேட்கிறது. ஜெயப்பிரியா இதைக் கேட்டுவிட்டு, போனில் கிட்டாரை மட்டும் ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கலாம், அதற்கு ஆப் இருக்கிறது அம்மா என்றாள். போட்டுப் பார்த்தேன். அந்தக் கிட்டார் ஒருநாளும் தவறவில்லை. நீ அந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் அவசரப்பட்டு முன்னால் வந்து விழுவாய், நான் உன்னைப் பிடிக்க ஒரு அடி நீட்டிப் போடுவேன். தவறாத ஒருவரைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆப்பை எடுத்துவிட்டேன்.

நீ வரவேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், டிக்கெட் விலை யானை விலை. அய்யா வீடு போன பிறகு நான் எங்கே வந்து இறங்குவது என்று நீ ஒருமுறை கேட்டாய். என் வீட்டில் என்று சொல்லியிருக்கலாம், ஏனோ வாய் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்கிறாய். நானும் சரி என்கிறேன். அதிலும் வருத்தமில்லை. பாம்பனில் இப்போது புதுப் பாலத்தில் ரயில் போகிறது. மண்டபம் பக்கம் போனால் நின்று கேட்பேன். எனக்குச் சத்தம் வேறாகக் கேட்கிறது, வயதாகிவிட்டதாலும் இருக்கலாம். நீ யாரு வாசிக்கப் போறா என்று கேட்டாய் அல்லவா, அதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று உனக்குத் தெரிவிக்கவேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். தெரிவித்துவிட்டேன். இனி உன் சிநேகிதர் ஆள் அனுப்பலாம். சர்ச்சில் அதற்குத் துணைக்கு ஆட்கள் இருப்பார்கள்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம், பெரியவனைத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. உன் மச்சான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், கிட்டாரை எடுத்துப்போகும் ஆள் எந்தத் தேதியில் வருகிறார் என்றும் கேட்டு எழுதச் சொன்னார். திருவாடானைக் கோயிலில் உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தேன், திருநீறு உறையில் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கொட்டிவிடாதே. நோய்நொடி இல்லாமல், பிள்ளைகுட்டியோடு, போன இடத்தில் மரியாதையோடு நீ நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
உமாமகேஸ்வரி.

பி.கு.: இதை மடித்துக்கொண்டிருக்கும்போதே மதுரையிலிருந்து ஆள் வந்துவிட்டார். நல்ல மனிதர், காபி குடித்தார். கிட்டாரைத் துடைத்து, பையில் போட்டு, நானே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தேன். படியில் துர்காதேவி அக்கா நின்றார். “எங்க கொண்டு போறீக? அவுக தம்பி ஆடியில வாராப்ல. வந்து வாசிக்கட்டும், பெறகு பாத்துக்கிருவம்” என்று மதுரைக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை. துர்காதேவி அக்காவுக்கு அப்படி யார் சொன்னது என்று கேட்காதே, நான்தான், இரண்டு நாள் முன்பு. தெருவில் பாதிப் பேருக்கும் தெரியும். ஆடியில் உன் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு என்று ஜெயப்பிரியா பார்த்துச் சொன்னாள். மதுரைக்காரர் ஒரு பை கருவாட்டோடு திரும்பிப் போய்விட்டார். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம், ஆனால் திருநீறு வைத்து மடித்தாகிவிட்டது, நீயே பார்த்து எடுத்துக்கொள். கிட்டார் இல்லை என்றும் சொல்லாதே. பர்வேஸிடம் பேசிவிட்டேன், கீழக்கரையில் அவன் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறதாம், கொண்டுவந்து தருகிறான். அதில் கம்பி இல்லை. உன் விரலுக்கு எந்தக் கம்பி ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை, வரும்போது நீயே வாங்கி வா.